மான்செஸ்டர் நாட்குறிப்பு: பந்து போகாத இடம்

முதல் நாள், சனி, மார்ச் 8, 2025

பெட்டியை அக்கா வீட்டில் வைத்த கையோடு டிராம் ஏறிவிட்டேன். ஓல்ட் டிராஃபோர்டு நிறுத்தத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது கிரிக்கெட் மைதானம். அதற்கும் நான் பார்க்க வந்த கால்பந்து மைதானத்துக்கும் அதே பெயர்தான். அதைத் தாண்டி ஒரு பத்து நிமிடம் நடந்தால் சர் மேட் பஸ்பி வே. அந்தத் தெருவுக்குள் திரும்பியதும், இருபது வருடமாகத் திரையில் மட்டும் பார்த்த சிவப்பு எழுத்துகள் தலைக்கு மேலே நிற்கின்றன: மான்செஸ்டர் யுனைடெட். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். கண் கலங்கியது.

நாளை அர்செனலோடு ஆட்டம். இன்று கூட்டம் இல்லை. கிழக்குப் பக்கம், இந்த அணியின் பழைய மேலாளர் பஸ்பியின் சிலை. அதற்கு எதிரே ஜார்ஜ் பெஸ்ட், டெனிஸ் லா, பாபி சார்ல்டன் மூவரும் தோளில் கை போட்டு நிற்கும் சிலை. லா இந்த ஜனவரியில்தான் காலமானார். மூவரில் கடைசியாக இருந்தவர் அவர். சார்ல்டன் 249, லா 237, பெஸ்ட் 179. கூட்டிப் பார்த்தால் இந்தக் கிளப்புக்காக மூன்று பேர் அடித்தது 665 கோல்.

இப்போதைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லீக்கில் 27 ஆட்டம் முடிந்திருக்கிறது. அடித்தது 33 கோல். 10 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. இடம் 14. மேலாளர் பெர்குசன் காலத்தில் 13 முறை லீக் வென்ற அணி இது. 2013க்குப் பிறகு ஒரு முறையும் வெல்லவில்லை.

சிலையருகே ஒரு பெரியவர் நின்றிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதுகளில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவராம். நான் வந்த விவரத்தைச் சொன்னதும், ‘இந்த வருடம் பார்த்தா வந்தீர்கள்’ என்று வருத்தத்தோடு கேட்டார். பேச்சு நேராக முன்கள வீரர்களுக்குப் போய்விட்டது. நான் முடிவோடு வந்தவன். ரஸ்மஸ் ஹொய்லுண்டுக்கும் ஜோஷுவா சிர்க்ஸிக்கும் சேர்த்துப் பத்து கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். இந்த லீக்கில் ஒருவர் 2 கோல், மற்றவர் 3. ஸ்ட்ரைக்கர் சரியில்லை, அவ்வளவுதான் விஷயம் என்றேன்.

பெரியவர் மறுத்துத் தலையாட்டினார். 1968இல் வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லா ஆடவே இல்லை, முழங்கால் காயம். அவர் இல்லாமலே பென்ஃபிகாவை 4–1 என்று ஜெயித்தோம். ஒருத்தர் போனால் கோல் நின்றுவிடுகிறது என்றால் கோளாறு அந்த ஒருத்தரிடம் இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கிற பத்துப் பேரிடம் தேடுங்கள் என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல உடனே ஒன்றும் தோன்றவும் இல்லை.

திரும்பும் வழியில் தென்கிழக்கு மூலையில் இருக்கும் மியூனிக் கடிகாரத்தைப் பார்த்தேன். 1958 பிப்ரவரி 6. அந்த விமான விபத்தில் இறந்த 23 பேரில் 8 பேர் இந்த அணியின் வீரர்கள். அந்த ஆண்டைத் தன் பெயராகவே வைத்துக்கொண்ட ரசிகர் அமைப்புதான் கிளப்பின் உரிமையாளர்களுக்கு எதிராக நாளை ஊர்வலம் போகிறது. அத்தானும் போகிறார். எல்லாரும் கறுப்பு உடையில் வரவேண்டுமாம். என்னிடம் கறுப்புச் சட்டை இல்லை. அத்தானுடையது ஒன்று தொளதொளவென்று இருக்கிறது, அதுவே போதும்.

இரண்டாம் நாள், ஞாயிறு, மார்ச் 9

ஆட்டம் மாலை நாலரைக்கு. ஊர்வலம் அதற்கு முன்னால். ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள், பெரும்பாலும் கறுப்பில். கழுத்தில் மட்டும் பச்சையும் தங்க நிறமும் கலந்த துண்டு. சிவப்பு அணிக்கு ஏன் பச்சைத் துண்டு என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். 1878இல் ரயில் பெட்டி பணிமனைத் தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இந்த அணியைத் தொடங்கியபோது இருந்த நிறங்கள் அவை. 2010இல் கிளேசர் குடும்பத்துக்கு எதிரான போராட்டத்தில் ரசிகர்கள் அவற்றைத் திரும்ப எடுத்தார்கள்.

அந்தக் குடும்பம் 2005இல் கிளப்பை வாங்கியது. வாங்குவதற்குக் கடன் எடுத்து, அதில் பெரும் பங்கைக் கிளப்பின் தலையிலேயே வைத்தது. அதுவரை கடன் இல்லாத கிளப். இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. கடந்த ஆண்டு பிப்ரவரியில் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாங்கி, கால்பந்து சம்பந்தப்பட்ட முடிவுகளைத் தன் கையில் எடுத்தார். இனி நல்ல காலம் என்று நானும் நம்பினேன்.

அத்தான் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடந்த கோடையில் மேலாளர் எரிக் டென் ஹாக்கை வைத்திருப்பதா அனுப்புவதா என்று வாரக்கணக்கில் யோசித்தார்கள். வேறு ஆட்களைத் தேடினார்கள். கடைசியில் அவருக்கே ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். லீக்கில் 9 ஆட்டம், 8 கோல். அக்டோபர் 28 அன்று வேலையை விட்டு எடுத்தார்கள். விளையாட்டு இயக்குநராக டான் ஆஷ்வொர்த் ஜூலையில் வந்தார், டிசம்பரில் போனார். புது மேலாளர் ருபன் அமோரிம் சீசன் முடிந்ததும் வருகிறேன் என்று கேட்டார். இப்போது வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதை அமோரிமே பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

‘மாப்ள, வீட்டைக் கட்ட ஆரம்பிச்சு பாதியிலே கொத்தனாரை மாத்தினா என்ன ஆகும்? செங்கல்லைக் குறை சொல்லிப் பிரயோஜனம் உண்டா?’

‘செங்கல்லே உடைஞ்ச செங்கல்லா இருந்தா, அத்தான்?’

‘அதை வாங்கினது யாரு?’

எங்களுக்கு முன்னால் ஒரு தாத்தாவும் பேரனும் போனார்கள். பையனின் அட்டையில் 66 என்ற எண் மட்டும் இருந்தது. சீசன் நடுவில், லீக் ஆட்டங்களுக்கு மிச்சமிருந்த டிக்கெட்டுகளை 66 பவுண்டு என்று ஆக்கினார்கள். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகை அதில் கிடையாது. அந்தத் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே விலை. கோல் வரவில்லை என்ற கோபத்தைக் காட்டிலும் இந்தக் கோபம் ஆழமானது என்று கூட்டத்தின் குரலிலேயே தெரிந்தது. ஆனால் நடந்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பேசவில்லை. முன்கள வீரர் இல்லை என்பதும் டிக்கெட் விலை ஏறியது என்பதும் அவர்களுக்கு ஒரே வாக்கியம்.

டிக்கெட் இல்லாததால் ஆட்டத்தை ஒரு பப்பில் பார்த்தோம். நெரிசல். முதல் பாதி முடியும் நேரத்தில் புரூனோ ஃபெர்னாண்டஸ் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். அர்செனல் வீரர்களின் தடுப்புச் சுவர் பத்து கெஜத்துக்கும் தள்ளி நின்றிருந்தது என்று அந்த அணியின் மேலாளர் ஆர்டெட்டா பிறகு குறைப்பட்டார். 74ஆவது நிமிடம் டெக்லன் ரைஸ் சமன் செய்தார். கடைசி நேரத்தில் புரூனோவின் பந்தைக் கோல்கீப்பர் ராயா கோட்டருகே கையால் வாரி எடுத்தபோது பப் முழுவதும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தது. 1–1.

அர்செனலிலும் ஸ்ட்ரைக்கர் கிடையாது. ஹாவெர்ட்ஸ், ஜெஸுஸ், சாகா எல்லாருக்கும் காயம். நடுகள வீரர் மெரினோ முன்னால் ஆடினார். அப்படியும் அவர்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிறார்கள். நாம் 14இல். இதைச் சொன்னவர் எங்கள் மேசையில் இடம் கேட்டு உட்கார்ந்த ஒரு இளம்பெண். ஊர்வலத்திலிருந்து நேராக வந்தவர். ஜனவரி வீரர் பரிமாற்றக் காலத்தில் நம் ராஷ்ஃபோர்டை ஆஸ்டன் வில்லாவுக்கும் ஆன்டனியை ரியல் பெட்டிஸுக்கும் கடனாக அனுப்பினார்கள். பதிலுக்கு முன்களத்துக்கு ஒருவரும் வரவில்லை. பிப்ரவரியில் இங்கே மிஞ்சிய அமாத் டியாலோவுக்கும் கணுக்கால் காயம். ‘மேலாளர் மாற்று வீரர் வேண்டும் என்று திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் பள்ளிப் பிள்ளைகள்’ என்றார்.

அப்படியும் நான் விடவில்லை. திரையில் பார்த்தவரை, பந்து கிடைக்கும்போது இந்த ஸ்ட்ரைக்கர்கள் தடுமாறுகிறார்கள். ஹொய்லுண்ட் டிசம்பர் நடுவிலிருந்து எந்தப் போட்டியிலும் கோல் அடிக்கவில்லை. கண்ணால் பார்ப்பதை எப்படி மறுப்பது என்று கேட்டேன். அந்தப் பெண் திரையைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்: ‘பந்து கிடைக்காதபோது அவர் எங்கே இருந்தார் என்று உங்களால் சொல்ல முடியுமா?’

முடியவில்லை. கேமரா பந்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், திங்கள், மார்ச் 10

இன்று பேச்செல்லாம் ராட்கிளிஃபின் பேட்டிகள். சில வீரர்கள் போதுமான தரத்தில் இல்லை, சிலருக்குச் சம்பளம் அதிகம், செலவைக் குறைக்காவிட்டால் ஆண்டு முடிவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். டென் ஹாக் விஷயத்திலும் ஆஷ்வொர்த் விஷயத்திலும் தவறு செய்துவிட்டோம் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய ஒப்பந்தங்களின் பாரம் என்று சில வீரர்களின் பெயரையும் எடுத்திருக்கிறார். அதில் ஹொய்லுண்டும் ஒருவர்.

அதைப் படித்ததும் மனது சங்கடப்பட்டது. முந்தாநாள் பெரியவரிடம் நான் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். ஆனால் மூன்று நாளில் அந்த வீரர் களத்தில் இறங்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையன். முதலாளி ஊர் அறியப் பெயர் சொல்லிவிட்ட பிறகு அந்தக் கால்கள் எப்படி இலேசாக ஓடும்? தவறை ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். பெரிய இடத்தில் இருப்பவர்கள் அதைச் செய்வது அபூர்வம். ஆனாலும் பெயர் சொன்னது கூடாது. இதை நான் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் வாதிடுவேன்.

அத்தானின் அலுவலகத்தில் இரண்டு கட்சியாம். மனுஷன் உண்மையைச் சொன்னார் என்று ஒரு கட்சி. பிப்ரவரியில் இன்னும் 200 பேர் வரை வேலை இழப்பார்கள் என்று அறிவித்துவிட்டு, மேலாளரை மாற்றுவதற்கு மட்டும் இரண்டு கோடிப் பவுண்டுக்கு மேல் செலவழித்த கணக்கை யார் சொல்வது என்று இன்னொரு கட்சி. போன ஆண்டு ஏற்கெனவே 250 பேர் போனார்கள். கோல் அடிக்காதவர்கள் அவர்கள் இல்லை.

மாலையில் அக்கா மகளின் பயிற்சிக்குப் போனேன். பதினோரு வயது. முன்களத்தில் ஆடுகிறாள். செயற்கைப் புல் போட்ட சின்னக் களம், விளக்கு வெளிச்சம், கம்பி வலைக்கு வெளியே பெற்றோர்கள் கைகளை உரசிக்கொண்டு நிற்கிறார்கள். ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியும் பயிற்சியாளர் பந்தை வெளியே எடுக்கவில்லை. பிள்ளைகளை ஆளுக்கொரு தடுப்பாளரோடு நிறுத்தினார். ஒரு அடி பந்தை நோக்கி வருவது போல் வரவேண்டும். தடுப்பாளர் கூடவே வருவார். சட்டென்று திரும்பி அவர் முதுகுப் பக்கம் ஓடவேண்டும். அவ்வளவுதான். வருவது, திரும்புவது, ஓடுவது. மருமகள் இதை முப்பது தடவையாவது செய்திருப்பாள். பந்து ஒரு தடவைகூட வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், பந்தே வராமல் ஓடினால் சலிப்பாக இல்லையா?

‘சலிப்புதான் மாமா. ஆனா ஓடலைன்னா பந்து போட இடமே இருக்காது. நான் ஓடினா என்கூட ஒருத்தர் வந்தே ஆகணும். அப்ப வேற யாருக்காவது இடம் கிடைக்கும்.’

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு அவளும் வருகிறாள். மறுநாள் பள்ளி இருக்கிறதே என்று அக்கா இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை.

நான்காம் நாள், செவ்வாய், மார்ச் 11

புது மைதானம் கட்டப் போகிறார்கள்! பழையதைப் புதுப்பிப்பது இல்லை. பக்கத்திலேயே ஒரு லட்சம் பேர் உட்காரும் புது மைதானம். நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வரைந்திருக்கிறது. குடை மாதிரி ஒரு பெரிய கூரை, அதைத் தாங்க மூன்று கம்பங்கள், உயரம் 200 மீட்டர். செலவு 200 கோடிப் பவுண்டு. ஐந்து ஆண்டில் முடிக்கலாம் என்கிறார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போய்விட்டேன். 1910இல் திறந்த இடம். இன்றைய தேதிக்கு ஒரு கதை உண்டு. 1941 மார்ச் 11 அன்றுதான் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் இந்த மைதானம் சிதைந்தது. அதன்பிறகு 1949 வரை சொந்த ஆட்டங்களைப் போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில் ஆடினார்கள். சரியாக 84 வருடம் கழித்து அதே தேதியில் இதற்கு விடை கொடுக்கும் அறிவிப்பு. தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ, எனக்கு நெஞ்சு கனத்தது.

வெளியே நின்றவர்களும் ஒத்துப் போகவில்லை. போன ஆண்டு மே மாதம் அர்செனல் ஆட்டத்தன்று பெய்த மழையில் கூரையிலிருந்து அருவி மாதிரி தண்ணீர் கொட்டியது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. புதுசு வேண்டும் என்பவர்கள் அதைச் சொன்னார்கள். வேண்டாம் என்ற ஒருவர், 200 கோடிக்குக் கூரை போடுகிறவர்கள் ஜனவரியில் ஒரு ஸ்ட்ரைக்கரைக் கடனாகவாவது வாங்கியிருக்கலாம் என்றார். அது வேறு பணம், இது வேறு பணம் என்று இன்னொருவர் விளக்க ஆரம்பித்தார். மைதானத்துக்கு வாங்கும் கடனுக்கும் வீரர்களுக்கான லாப நஷ்ட வரம்புக்கும் விதிகள் வேறு வேறு. லீக்கின் விதிப்படி மூன்று ஆண்டில் சேர்ந்த நஷ்டம் 10.5 கோடிப் பவுண்டைத் தாண்டக் கூடாது. மைதானம் கட்டும் செலவு அந்தக் கணக்கில் சேராது. அவர் சொன்னது சரி. ஆனால் கேட்டவரின் வேதனையும் பொய்யில்லை. முதல் நாள் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று சொல்லி, மறுநாள் இந்தப் படத்தைக் காட்டினால் சாதாரண மனிதர்களுக்குக் குழப்பம் வரத்தானே செய்யும்.

ஐந்தாம் நாள், புதன், மார்ச் 12

சுருக்கமாக எழுதுகிறேன், தூக்கம் வருகிறது. ஊரின் வடகிழக்கே மாஸ்டன் போய் பிராட்ஹர்ஸ்ட் பார்க்கைப் பார்த்தேன். எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் ஆடும் இடம். 2005இல் கிளப் கைமாறியபோது, இனி இது எங்கள் கிளப் இல்லை என்று வெளியேறிய ரசிகர்கள் தாங்களே தொடங்கிய அணி. உறுப்பினர்கள்தான் உரிமையாளர்கள். எத்தனை பணம் போட்டாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பத்து வருடம் அங்கே இங்கே ஆடி, 2015இல் இந்த மைதானத்தைத் திறந்தார்கள். இப்போது ஏழாம் அடுக்கு லீக்கில் ஆடுகிறார்கள்.

ஆட்டம் இல்லாத நாள். கதவுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அத்தானின் நண்பர்களில் ஒருவர் அன்று இவர்களோடு போய்விட்டாராம்; அத்தான் போகவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதே இல்லையாம். இவரைக் கேட்டால், ‘போனது தப்புன்னு சொல்ல மாட்டேன். என்னால முடியலை, அவ்வளவுதான்’ என்கிறார். இங்கேயும் தோற்றால் மேலாளரைத் திட்டத்தான் செய்வார்கள். ஆனால் அந்த மேலாளரை நியமித்த குழுவுக்கு வாக்களித்தது தாங்கள்தான் என்பது திட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வித்தியாசத்துக்காக இருபது வருடம் உழைத்திருக்கிறார்கள். மனதார வணங்குகிறேன்.

ஆறாம் நாள், வியாழன், மார்ச் 13

யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியப் போட்டி, ரியல் சோசிடாடோடு இரண்டாவது ஆட்டம். போன வாரம் ஸ்பெயினில் 1–1. இன்று இரவு எட்டு மணிக்கு. அக்கா கடைசியில் சம்மதித்தார்.

எங்கள் இடம் மேலடுக்கில். படியேறி, ஏறி, ஏறி, கடைசிப் படியில் திரும்பியபோது விளக்கு வெளிச்சத்தில் பச்சைக் களம் முழுதாகத் தெரிந்தது. முழுதாக என்பதுதான் விஷயம். இருபது வருடமாக நான் களத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெரிகிறார்கள். பின்னால் மூவர், இரு ஓரத்திலும் ஒவ்வொருவர், ஸ்ட்ரைக்கருக்குக் கீழே இருவர். அமோரிம் கோடு போட்டு வைத்தது போல் தெரிந்தது.

பத்தாவது நிமிடமே பெனால்ட்டியில் சோசிடாடின் ஒயார்சபால் கோல் அடித்தார். எங்கள் வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

மருமகள் என் கையைத் தட்டினாள். ‘மாமா, பந்தைப் பார்க்காதீங்க. ஹொய்லுண்டை மட்டும் பாருங்க.’

பார்த்தேன். பந்து நம் தற்காப்பு வீரரிடம் இருக்கிறது. ஹொய்லுண்ட் இரண்டு அடி முன்னால் வருகிறார். தடுப்பாளர் கூடவே வருகிறார். சட்டென்று திரும்பி, வலது கையை உயர்த்தி, தடுப்பாளருக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைக் காட்டிக்கொண்டே ஓடுகிறார். பந்து பக்கத்தில் இருப்பவருக்குப் போகிறது. அங்கிருந்து பின்னால் போகிறது. ஹொய்லுண்ட் நிற்கிறார், கையை இறக்குகிறார், நடந்து திரும்புகிறார். மறுபடியும் இரண்டு அடி. மறுபடியும் திரும்பல். மறுபடியும் கை. பந்து வரவில்லை. திங்கட்கிழமை கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்த அதே பயிற்சி. இவள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மூடிக்கொண்டன.

கோல் அடிக்காத ஸ்ட்ரைக்கர் என்று நான் ஆறு நாளாகச் சொன்னவர் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். திரையில் இது எதுவுமே வருவதில்லை. பந்து பக்கவாட்டில் போவது வரும். பிறகு எப்போதாவது ஒரு பந்து அவரிடம் வந்து, அவர் தடுமாறுவது வரும். பத்து ஓட்டம் வீணான பிறகு பதினோராவது ஓட்டத்தில் பந்து வந்தால் கால் தயாராக இருக்குமா என்று நான் யோசித்ததே இல்லை. பந்து போகாத அந்த இடத்துக்குப் பந்தைப் போட ஓர் ஆள் வேண்டும். புரூனோ ஒருவர்தான் அந்தப் பக்கம் பார்க்கிறார். அவரையே பின்னாலும் நிறுத்துகிறோம், முன்னாலும் தேடுகிறோம். பெரியவர் சிலையடியில் சொன்னது இப்போதுதான் பிடிபட்டது.

16ஆவது நிமிடம். ஹொய்லுண்ட் தடுப்பாளர் சுபெல்தியாவுக்கு முன்னால் நுழைந்தார். அவர் பிடித்து இழுத்துவிட்டார். பெனால்ட்டி. புரூனோ அடித்தார், 1–1. கோல் கணக்கில் புரூனோவின் பெயர்தான் ஏறும். இவள் மட்டும் எழுந்து நின்று, ‘ஓடினார்ல, ஓடினார்ல!’ என்று கத்தினாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

50ஆவது நிமிடம் இன்னொரு பெனால்ட்டி, மறுபடியும் புரூனோ. அப்புறம் சோசிடாடின் அரம்புருவுக்குச் சிவப்பு அட்டை. 87ஆவது நிமிடம் புரூனோவின் மூன்றாவது கோல், கடைசியில் தலோ ஒன்று. 4–1, இரண்டு ஆட்டமும் சேர்த்து 5–2.

கோல்களைவிட எனக்கு மனதில் நிற்கப் போவது வேறொன்று. பாட்ரிக் டோர்கு விழுந்ததற்கு நடுவர் ஒரு பெனால்ட்டி கொடுத்தார். அரங்கம் அதிர்ந்தது. ஆனால் டோர்குவே எழுந்து போய், என்னைத் தடுக்கவில்லை என்று நடுவரிடம் சொல்லிவிட்டார். நடுவர் காட்சியைத் திரும்பப் பார்த்து முடிவை மாற்றினார். ஒரு மாதத்துக்கு முன் வந்த இருபது வயதுப் பையன், கோலுக்கு ஏங்கிக் கிடக்கும் இந்த அணியில். எங்களைச் சுற்றி இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று புரியச் சற்று நேரம் ஆனது. கீழே ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார், நானும் தட்டினேன்.

டிராமுக்கு நீண்ட வரிசை. அதற்குள் விவாதம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கு முன்னால் இருவர், நாலு கோலில் இரண்டு பெனால்ட்டி, எதிரணி பத்துப் பேர், இதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார்கள். பின்னால் ஒருவர், இந்த ஆட்டமுறைக்கு ஒரு கோடைகால அவகாசம் கொடுத்தால் போதும் என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். ‘சரி மாப்ள, நீ முதலாளின்னு வெச்சுக்கோ. கோடையிலே முதல்ல யாரை வாங்குவ? ஸ்ட்ரைக்கர்தானே?’

‘இல்லை அத்தான். முதல்ல நடுகளத்துல நிமிர்ந்து பார்த்துப் பந்து போடற ஒருத்தர். அப்புறம்தான் ஸ்ட்ரைக்கர்.’

‘சனிக்கிழமை வந்தப்ப வேற சொன்ன.’

‘சனிக்கிழமை நான் பார்க்கலை.’

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இருவருமே வேண்டும், அதுவும் ஒரே கோடையில், இல்லையென்றால் இன்னொரு மேலாளர் போவார் என்றார். வண்டியில் ஏறியும் பேசினோம், இறங்கியும் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை லெஸ்டரில் ஆட்டம். ஹொய்லுண்டையே மறுபடியும் இறக்குவார்களா என்பதில் வந்து நின்றது. மருமகள் அத்தான் தோளில் தூங்கிப் போயிருந்தாள், ஒரு கை இன்னும் மூடியபடி. வாசலில் அக்கா கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.